பானட்டுக்குப் போட்ட அம்மை

பொம்மிடியில் எங்கள் தெருவில் இரும்பால் ஆனது எது இருந்தாலும் அதன்மேல் இன்னாசி சித்தப்பாவின் பெயிண்ட் இருக்கும். பீரோ, கட்டில், ஜன்னல் கம்பி, டிராக்டர் டிரெய்லர், மாதா கோயில் கேட், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள். தெருவிலேயே முதல் ஆளாக நான் கல்லூரி முடித்து வந்தபோது, பட்டத்தை மாட்ட ஒரு இரும்புச் சட்டம் அடித்து, அதற்குத் தங்கக் கலர் ஸ்பிரே பண்ணிக் கொடுத்தவரும் அவர்தான். அவ்வளவு கனமான சட்டத்தில் வேறு யாருடைய பட்டமும் தொங்காது. ஆணி தாங்காமல் சுவரில் போல்ட் போட்டு மாட்டினோம். அன்றிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏம்ப்பா டிகிரி" என்பார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

சொந்தச் சித்தப்பா இல்லை; எதிர்வீடு. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, எப்போதும் தின்னர் வாசனை. இரும்பைத் தண்ணிப் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல்களில் ரேகையே கிடையாது. ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் அது அவரை ஏற்றுக்கொள்ளாது. "கவர்மெண்டு கணக்குல நான் பொறக்கவே இல்லடா" என்று சிரிப்பார். அரிசி வாங்க அவர் மனைவி லூர்தம்மா சித்திதான் போக வேண்டும்.

இத்தனை அடித்தும் ஒரு கார் அவர் கைக்கு வந்ததில்லை. சின்ன வயதில் சேலத்தில் ஒரு பட்டறையில் இருந்திருக்கிறார். அங்கே கார்களுக்குப் பட்டி பூசுவார், தேய்ப்பார், துடைப்பார். கடைசியில் ஸ்பிரே கன்னைப் பிடிப்பது முதலாளியாக இருக்கும். "என் கையால அடிச்ச காரு ஒண்ணு, நாலு பேரு பாக்க ரோட்டுல போவணும்டா. ஒரு தடவ போனாப் போதும்" என்பார். வீடு கட்ட வேண்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிற அதே குரலில் சொல்வார்.

அந்தக் கார் போன மாசியில் வந்தது. கார் என்று முழுசாக வரவில்லை, அதன் மூஞ்சி மட்டும் வந்தது.

மொரப்பூர் தாண்டி மாந்தோப்பு வைத்திருக்கும் வெங்கடாசலம் என்பவருடைய வண்டி அது. அவருடைய அப்பா வாங்கிய பழைய மார்க் டூ அம்பாசடர்; வெளிர்பச்சை, முற்றிய கொய்யாக்காய் பழுக்கத் தொடங்கும்போது இருக்குமே, அந்தப் பச்சை. தக்காளி ஏற்றிய மினி லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து அதன் முன்பக்கத்தை நசுக்கிவிட்டது. வெங்கடாசலத்தின் மகள் பிரியதர்ஷினிக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். நர்சிங் முடித்த பெண். வண்டி ஓட்டப் பழகியதே அந்த அம்பாசடரில்தான். "மண்டபத்துக்குப் போனா இந்த வண்டியிலதான் போவேன், இல்லன்னா நடந்தே போறேன்" என்று சொல்லிவிட்டாளாம். வெங்கடாசலம் சென்னைக்குப் போய், பழைய வண்டிச் சாமான் விற்கும் இடத்தில் அலைந்து, ஒரு பானட், ஒரு மட்கார்டு, ஒரு கதவு தேடிப் பிடித்து லாரியில் போட்டுவிட்டார். இன்னாசி அடித்த டிரெய்லர் ஒன்றை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார்.

"காருக்கு அடிப்பியா?" என்று கேட்டார்.

"அடிப்பனுங்க" என்ற பதில் கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிட்டது.

"கல்யாணத்தன்னிக்கி வண்டி மண்டபத்துல வந்து நிக்கறப்ப நீ பக்கத்துல நிக்கணும் இன்னாசி. யாரு அடிச்சதுன்னு நாலு பேரு கேப்பாங்க. ஆளக் காட்டணுமில்ல?"

அந்த ஒரு வார்த்தையைச் சித்தப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களை நிறுத்திச் சொன்னார். அவர் பெயர் எழுதிய கல்யாணப் பத்திரிகை அவருடைய பெயிண்ட் ஷெட்டில் கம்ப்ரசருக்கு மேலே செருகியிருந்தது.

பானட் ஏதோ காலத்தில் சென்னையில் டாக்சியாக ஓடியது. மஞ்சளை உரித்தால் கறுப்பு, கறுப்பை உரித்தால் வெள்ளை. மட்கார்டு அரசாங்க வண்டியுடையது. கதவு எங்கே இருந்தது என்று அதற்கே தெரியாது. மூன்றையும் ரிமூவர் போட்டுச் சுரண்டித் தகடு வரைக்கும் கொண்டுபோனார். துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, பள்ளம் இருந்த இடத்தில் பட்டி பூசி, தண்ணி விட்டுத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கை எங்கேயாவது நின்றால் மறுபடியும் தேய்ப்பு.

கலருக்குத்தான் பெரிய பாடு. டப்பாவில் வருகிற பச்சை புதுப்பச்சை. வண்டியின் மற்ற உடம்போ வெயிலில் நின்று நின்று வெளுத்தது. பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி வாங்கி வந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளையில் பச்சையை விட்டு, மஞ்சளைச் சொட்டி, குச்சி நுனியில் கறுப்பைத் தொட்டுக் கலப்பார். ஒரு தகரத் துண்டில் பூசிக் காயவைத்து, மூடியையும் தகரத்தையும் வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். திரும்பக் கலப்பார்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இப்படிப் பாக்கல" என்றார் லூர்தம்மா சித்தி என்னிடம். "கட்டுன நாள்ல இருந்து என் மூஞ்சிய ஒரு நாளு வெயில்ல வெச்சுப் பாத்திருப்பாரா, கேளு டிகிரி."

"உன் கலரு மேட்ச் ஆவாதுன்னு தெரிஞ்சுதான் பாக்கல" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மட்கார்டும் கதவும் அழகாக வந்தன. பானட்டுதான் ஏமாற்றியது. அடித்துக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் பெயிண்ட் முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் குழி. டாக்சி ஓடிய காலத்தில் எவனோ பளபளப்புக்காகத் தினமும் ஏதோ எண்ணெயைப் போட்டுத் துடைத்திருக்கிறான். தகட்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தில் நிற்காது, ஒதுங்கிக் குழி விடும். சேலத்துப் பட்டறையில் இதற்கு அம்மை என்று பெயர். அம்மை போட்டுவிட்டது என்றால் தேய்த்து எடுத்து, கழுவி, திரும்ப அடிக்க வேண்டும். பெயிண்டர்களுக்குள் புழங்கும் பேச்சு. சித்தப்பா அதை அப்படியே போனில் பேசினார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பட்டி டப்பா மேல் வைத்திருந்தார். எடுத்தது வெங்கடாசலத்தின் மனைவி கோவிந்தம்மாள்.

"அம்மா, பொம்மிடி இன்னாசிங்க. அய்யா இருக்காருங்களா?"

"தோப்புக்குப் போயிருக்காரு. என்னப்பா, நாளைக்கு எடுத்தாறேன்னு சொன்னியாமே?"

"நாளைக்கு முடியாதுங்கம்மா. அம்மை போட்டுருச்சு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"யாருக்குப்பா?"

யாருக்கு என்று கேட்டதைச் சித்தப்பா எதுக்கு என்று எடுத்துக்கொண்டார்.

"பெரிசுக்குத்தாங்க. சின்னது ரெண்டும் தப்பிச்சிருச்சு."

"ரொம்பவா போட்டிருக்குது?"

"மூஞ்சி பூராங்க. காலையில பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டன்."

"ஆத்தா, தாயி..."

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவிட்டா எறங்கிடும். நானே கொண்டாந்து வூட்டுல எறக்கிட்டுப் போறன்."

"வேணாம்ப்பா! நீ வராத. எங்கியும் வராத, சாமி" என்று சொல்லி போன் வைக்கப்பட்டது.

சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "ஒரு பானட்டுக்கு எப்படிப் பதறுறாங்க பாரு. வண்டி மேல அவ்ளோ பாசம்."

எனக்கும் அப்போது உறைக்கவில்லை. அவர் வேலையில் இறங்கிவிட்டார். பானட்டை மறுபடியும் தகடு வரைக்கும் தேய்த்து, சோப்புத் தண்ணியிலும் தின்னரிலும் மாறி மாறிக் கழுவி, வெயிலில் போட்டு, பிரைமரிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை ஒரு பொட்டு இல்லை. லூர்தம்மா சித்தி குனிந்து அதில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார். டேங்க் மூடியை எடுத்து அதன்மேல் வைத்தால் மூடி எங்கே முடிகிறது, பானட் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது.

வண்டியில் மாட்ட வேண்டியவர் மொரப்பூர் மெக்கானிக் காளியப்பன். என்றைக்கு வரலாம் என்று கேட்க அவருக்கு போன் போட்டார் சித்தப்பா.

"ஒடம்பு எப்படிண்ணே இருக்குது?" என்றார் காளியப்பன்.

"எனக்கென்னா ஒடம்புக்கு?"

"இல்லண்ணே... நீ பேசாத. மோர் குடி. எளநி குடி. அண்ணி பக்கத்துல இருக்காங்கல்ல?"

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால் ஷெட் கேட்டில் யாரோ ஒரு கொத்து வேப்பிலை செருகிவிட்டுப் போயிருந்தார்கள். அன்று போனில் சொன்ன அம்மை, வாய் மாறி வாய் மாறி இன்னாசிக்கே போட்டுவிட்டதாக ஆகியிருந்தது.

அந்த வெயிலில் சுற்றுப்பட்டு ஊர்களில் உண்மையிலேயே அங்கங்கே அம்மை இருந்தது. எங்கள் பக்கம் இன்றைக்கும் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்பார்கள். இறங்கிய வீட்டுக்கு யாரும் போகக் கூடாது, அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பும் வெளியே வரக் கூடாது. நாள் பார்த்துத் தலைக்கு மூன்று தண்ணி ஊற்றி முடித்த பிறகுதான் எல்லாம். கல்யாண வீடு என்றால் இன்னும் பயம். கூலி போய்விடுமே என்று அம்மையை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிற ஆட்களும் உண்டு என்பதால், இல்லை என்று சொல்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

"நாம வேதக்காரங்க, நம்ம வூட்டுக்கு மாரியாத்தா எதுக்கு வரா?" என்றார் சித்தப்பா வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு.

"வழி தவறி வந்திருப்பா. ஒரு டீ குடுத்து அனுப்பு" என்றார் சித்தி. ஆனால் அவர் சிரிக்கவில்லை. அன்று காலை பால்காரர் கேனை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போனதை அவர் இன்னும் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கவில்லை.

சித்தப்பா வெங்கடாசலத்துக்கு போன் போட்டார். பானட்டில் விழுந்த குழியை விளக்கினார். அவர் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வண்டிக்கு அம்மையா? நல்லா சொன்ன போ. சரி, எனக்குப் புரியுது இன்னாசி. நான் நம்பறேன். வூட்டுல நம்பணுமே."

போனை என்னிடம் நீட்டினார் சித்தப்பா. "நீ சொல்லு டிகிரி. படிச்சவன் சொன்னா கேப்பாங்க."

நான் பரப்பு இழுவிசையிலிருந்து ஆரம்பித்தேன். எண்ணெய் மேல் பெயிண்ட் ஏன் விரியாது என்பதைப் பள்ளிப் பையனுக்குச் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னேன். வெங்கடாசலம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"தம்பி நல்லாச் சொல்றீங்க. எங்க வூட்டுல படிச்சவங்க பேச்சு எடுபடாதுங்க தம்பி. பொண்ணு நர்சு. அதுவே சொல்லிப் பாத்துருச்சு. பெயிண்ட்ல வந்த குழின்னு கத்துது. 'கல்யாணத்தன்னிக்கி உன் மூஞ்சியில ஒரு பொட்டு வந்தா மாப்ள வூட்டுக்கு நீ பதில் சொல்லுவியா'ன்னு அவ அம்மா கேக்கறா. அப்புறம் யாரு என்னா பேசறது? கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணம் முடிஞ்சு எதுக்குங்க?" என்றார் சித்தப்பா பக்கத்திலிருந்து. போனுக்கு அது கேட்டிருக்காது.

மறுநாள் அவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மை இல்லை என்று ஒரு வார்த்தை எழுதித் தரச் சொன்னார். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, "ஒண்ணும் இல்லாததுக்கு என்னன்னு எழுதறது? வீட்டுக்குப் போங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் சித்தப்பா ஆஸ்பத்திரி வரிசையில் நின்றதை மொரப்பூர் ஆள் ஒருவர் பார்த்துவிட்டார். மாலைக்குள் இன்னாசி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று செய்தி போய்விட்டது. சேலத்திலிருந்து அவருடைய தங்கை அழுதுகொண்டே போன் செய்தார்.

லூர்தம்மா சித்திதான் ஒரு வழி சொன்னார். "வந்துச்சு, போயிருச்சுன்னு சொல்லிடு. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூணு தண்ணி ஊத்தறேன். வாசல்ல வெச்சே ஊத்தறேன், தெருவே பாக்கட்டும். முடிஞ்சுது."

"வராத நோய வந்துச்சுன்னு சொல்லச் சொல்றியா?"

"வரலன்னு சொல்லி என்னாத்தக் கண்ட?"

சித்தப்பா காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். தண்ணி ஊற்றுவதற்கு என்று நாள் இருக்கிறது; நினைத்த கிழமையில் ஊற்ற முடியாது. எப்படித் தள்ளி எப்படி நெருக்கிப் பார்த்தாலும் மூன்றாம் தண்ணி முகூர்த்தத்துக்குப் பிறகுதான் விழுந்தது. காலண்டரை அவரே வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கல்யாணத்துக்காக எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"ராஜாவோட குட்டியானைய வரச் சொல்லியிருக்கன். நேராப் போயி எறக்கிடுவோம். ஆள நேர்ல பாத்தா நம்பாமயா போயிடுவாங்க? காளியப்பன் அரை நாள்ல மாட்டிடுவான். நீயும் வா."

குட்டியானை என்று எங்கள் ஊரில் சொல்கிற அந்தச் சின்ன லோடு வண்டியில் மெத்தை விரித்து, மூன்று சாமானையும் குழந்தைகளைப் போலப் படுக்க வைத்து, பெட்ஷீட்டால் மூடினோம். வழியெல்லாம் அவர் ராஜாவிடம் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வெங்கடாசலத்தின் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டிப் பந்தல் போட்டிருந்தது. ஓரத்து ஷெட்டில் அம்பாசடர் மூஞ்சி இல்லாமல் நின்றது. எங்கள் வண்டி நின்றதும் யாரோ உள்ளே ஓடினார்கள். பந்தலில் இருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். கோவிந்தம்மாள் கையில் செம்போடு வந்தார். செம்பில் மஞ்சள் தண்ணியும் வேப்பிலையும். வாசல்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

சித்தப்பா கீழே இறங்கினார். "அம்மா, நான் இன்னாசிங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நீங்களே பாத்துக்கங்க" என்று வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

கை முழுக்கச் சிவப்புப் பொட்டுகள். அன்று காலையில் எவனுடைய கட்டிலுக்கோ ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறார். ஸ்பிரே தெறித்த பொட்டு சோப்புக்குப் போகாது. வருஷக்கணக்காக அந்தக் கையோடு இருப்பவர், அவர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. பந்தலில் ஒரே சமயத்தில் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"பெயிண்டுங்க! இது பெயிண்டு!" என்று நான் கத்தினேன். சித்தப்பா தன் கையைத் தானே பார்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். அது போகவில்லை, தேய்த்த இடம்தான் இன்னும் சிவந்தது.

கோவிந்தம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சித்தப்பா பதில் சொல்லியிருப்பார், நானும் சொல்லியிருப்பேன். அவர் மண்ணில் முட்டி போட்டு, நெற்றி தரையில் பட, சித்தப்பாவைக் கும்பிட்டார்.

"தாயி, தெரியாம ஏதாச்சும் பேசியிருந்தா மன்னிச்சுக்க. ஒத்தப் பொண்ணு, அதுக்குக் கல்யாணம். நீ குளுந்து போயி உன் எடத்துல உக்காரு ஆத்தா. கல்யாணம் முடிஞ்ச கையோட உனக்குக் கூழு ஊத்தறேன்."

அந்த வீட்டுக்கு எங்கள் தெரு ஆட்கள் மாங்காய் பறிக்கப் போவார்கள். பின்வாசலில் நின்றுதான் தண்ணி வாங்கிக் குடிப்பார்கள். அந்த வீட்டம்மா எங்கள் தெரு ஆள் ஒருவர் முன்னால் தரையில் விழுந்து நான் பார்த்தது அன்றுதான். விழுந்ததும் அவருக்காக இல்லை.

வெங்கடாசலம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். மாடி ஜன்னலில் மருதாணிக் கைகளோடு அந்தப் பெண் நின்றாள். வண்டியில் பெட்ஷீட் விலகிய இடத்தில் தெரிந்த பச்சையைப் பார்த்தாள். "அம்மா, கலரப் பாரும்மா, நம்ம வண்டி கலரும்மா" என்றாள். யாரோ உள்ளேயிருந்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

சித்தப்பா சுருட்டிய சட்டைக் கையைத் தயங்கித் தயங்கி இறக்கிவிட்டார். தரையில் கிடப்பவரை எழுப்பக் குனிந்தார். தொட்டால் என்ன ஆகுமோ என்று பாதியில் நின்றுவிட்டார்.

"எழுந்திரிங்கம்மா" என்றார். "பொண்ணு நல்லா இருக்கும். ஒண்ணும் வராது."

கோவிந்தம்மாள் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் தண்ணி. திரும்பிப் பந்தலைப் பார்த்து, "கேட்டீங்களா? ஆத்தா வாக்கு குடுத்துட்டா" என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணியைத் தெளித்து, வண்டியின் பின்பக்கம் எலுமிச்சம்பழமும் இளநீரும் ஒரு சொம்பு மோரும் வைத்தார்கள். பானட்டைத் தொடாமல் வைத்தார்கள்.

திரும்பி வரும்போது சித்தப்பா முன்னால் உட்காரவில்லை. பின்னால் ஏறி, பானட் பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்துகொண்டார். நானும் ஏறினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்ல வெயில்.

"தாகமா இருக்குது" என்றார். பிறகு இளநீரைப் பார்த்தார். "இத நாம குடிக்கலாமாடா?"

"உங்களுக்குத்தான் சித்தப்பா வெச்சாங்க."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு அதை எடுக்காமலே இருந்தார். நான் சீவிக் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

ரயில் போனது. கேட் திறந்ததும் முன்னால் நின்ற லாரிகள் ஒன்றாகப் புறப்பட்டன, புழுதி எழுந்தது. சித்தப்பா பெட்ஷீட்டை இழுத்துப் பானட்டின் ஓரங்களில் செருகி, காற்றில் தூக்காமல் இருக்க இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இனி அதில் புழுதி பட்டால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது. என் பக்கத்து ஓரத்தை நானும் பிடித்துக்கொண்டேன்.